வாசகர் கேள்வி பதில்: வர்க்கியும் வேண்டும், சர்க்கரையும் இறங்க வேண்டும்!

போன இதழில், பெரியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வாரம் ஒருமுறை கூடி, சமைத்துப் பார்த்து, சாப்பாட்டுப் பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளும் ஊட்டச்சத்து வகுப்புகளைப் பற்றி ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லியிருந்தேன். அதற்கு மலையிலிருந்து வந்த கடிதங்கள் மட்டும் ஒரு கட்டு. அதனால் இந்த முறை முழுப் பக்கமும் நீலகிரிக்காரர்களுக்கு. சமவெளி வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்குக் கேரட்டும் டீத்தூளும் அனுப்புகிறவர்கள் இவர்கள்.

கேள்வி: எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, பிரஷர். நர்ஸம்மா வரும்போதெல்லாம் 'உப்பைக் குறைங்க, இனிப்பைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க' என்கிறார். நாங்களும் தலையாட்டுகிறோம். வகுப்பு வைத்தால் மட்டும் என்ன மாறிவிடப் போகிறது?
- தேயிலைத் தொழிலாளி, கோத்தகிரி

தலையாட்டுவதோடு நின்றுபோவதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. 'குறைங்க' என்றால் எதிலிருந்து எவ்வளவு குறைப்பது? இப்போது எவ்வளவு போடுகிறோம் என்பதே தெரியாதபோது யாரால் குறைக்க முடியும்? நல்ல வகுப்பு என்றால் முதலில் இந்த அளவைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும்.

உப்பில் ஆரம்பியுங்கள், அதுதான் சுலபம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஒரு தேக்கரண்டி. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் ஒன்றரை மாதத்தைத் தாண்டி ஓட வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் ஓடுகிறது? பாக்கெட்டைப் பிரிக்கிற அன்று காலண்டரில் ஒரு கோடு போட்டு வையுங்கள், தராசெல்லாம் வேண்டாம். ஊறுகாய், கருவாடு, அப்பளம், மிக்சர் வழியாக வரும் உப்பு இந்தப் பாக்கெட் கணக்கில் வராது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க்கும் இதே வழிதான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 27 கிராம் எண்ணெய் என்று இருக்கிறது. நாலு பெரியவர்கள் இருந்தால் மாதம் சுமார் மூன்றரை லிட்டர். ரேஷனில் வாங்கும் பாமாயில் ஒரு லிட்டர் போக, கடையில் எத்தனை பாக்கெட் வாங்குகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சர்க்கரைக்கு வகுப்பில் செய்கிற ஒரு வேலையைச் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு காலி டம்ளர், நடுவில் ஒரு சர்க்கரை டப்பா. காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை குடிக்கிற டீக்கெல்லாம் சேர்த்து எத்தனை ஸ்பூனோ அத்தனையையும் அவரவர் டம்ளரில் போட வேண்டும். ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பத்து ஸ்பூன், ஏறக்குறைய 50 கிராம். டம்ளர் அடியில் அது வெள்ளையாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள், அப்புறம் ஒருத்தர் மெதுவாக, 'எங்க வீட்டுக்காரருக்கு மூணு ஸ்பூன்' என்று ஆரம்பிப்பார், அதோடு வகுப்பு களைகட்டிவிடும். 2,000 கலோரிக்காரருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் மேல் எல்லையே அந்த 50 கிராம்தான், அதைப் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. டீயிலேயே எல்லையைத் தொட்டாகிவிட்டது, டீயோடு கடிக்கிற மொறுமொறு வர்க்கி, பன், கேசரி எல்லாம் அதற்கு மேல்.

ஒரே நாளில் சர்க்கரை இல்லாத டீக்குப் போகிறேன் என்று சபதம் எடுக்காதீர்கள், மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். டீக்கு அரை ஸ்பூன் குறைத்து இரண்டு வாரம் போகட்டும், நாக்கு பழகியதும் இன்னொரு அரை ஸ்பூன். வகுப்பில் வாரத்துக்கு ஒரு விஷயம்தான் எடுக்க வேண்டும். அடுத்த வாரம் கூடும்போது செய்யாதவரைத் திட்டாமல், ஏன் முடியவில்லை என்று கேட்க வேண்டும். மாமனாருக்கு உப்பு பத்தவில்லை, பையன் தட்டைத் தள்ளிவிட்டான், மாதக் கடைசியில் பருப்பு தீர்ந்துவிட்டது, இப்படித்தான் காரணம் வரும். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தான் செய்த வழியைச் சொல்வார் பாருங்கள், அந்த யோசனை நர்ஸம்மாவுக்கும் தோன்றாது, எனக்கும் தோன்றாது.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள், வகுப்பில் கேட்ட உற்சாகத்தில் திடீரென்று சோற்றைப் பாதியாக்கிவிட்டு அதே மருந்தைத் தொடரக் கூடாது. சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: ரத்தம் 8.5 தான் இருக்கிறது என்றார்கள். டீயை விடச் சொல்கிறார்கள். மார்கழிக் குளிரில் இலை பறிக்கிறவளுக்கு டீ இல்லாமல் எப்படி?
- வாசகி, கூடலூர்

டீயை விட வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். டீயில் இருக்கும் டானின், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும், ஒரு மணி நேரம் பின்னும் டீ வேண்டாம் என்கிறது நான் மேலே சொன்ன அதே வழிகாட்டி. மத்தியானம் தூக்குவாளிச் சாப்பாடும் டீயும் ஒன்றாக இறங்கும் பழக்கத்தை மட்டும் உடைத்தால் போதும். பத்து மணி டீயும் நாலு மணி டீயும் இருக்கட்டும். சாப்பாட்டோடு ஒரு துண்டு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

ஆனால் 8.5-ஐக் கீரையும் பேரீச்சம்பழமும் மட்டும் தூக்கிவிடாது. மாத்திரை தேவைப்படும், குடலில் புழு இருக்கிறதா, மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். நீங்கள் கூடலூர்ப் பக்கம் என்பதால் இன்னொன்று: அங்குள்ள பழங்குடி மக்களில் சிலருக்குச் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தசோகை உண்டு. அது இருந்தால் இரும்பு மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது, முதலில் ரத்தப் பரிசோதனை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதனால் கூச்சப்படாமல் போய்ப் பாருங்கள், வகுப்பு தொடங்கினால் இதைத்தான் முதல் மாதத்தில் பேச வேண்டும்.

கேள்வி: ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தருகிறார்கள். என் மாமியார் மட்டும்தான் களி கிண்டிச் சாப்பிடுகிறார். ராகி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாதாமே, உண்மையா? அரைக்க டவுனுக்குப் போக வேண்டியிருக்கிறது, அது ஒரு தொல்லை.
- வாசகி, குந்தா பக்கத்து ஹட்டி (படகர் கிராமம்) ஒன்றிலிருந்து

ஏறாது என்று யார் சொன்னது? ராகியும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சி, வெல்லமும் போட்டு ஒரு சொம்பு குடித்தால் நன்றாகவே ஏறும். களியாகவோ தோசையாகவோ அளவோடு, பக்கத்தில் அவரைக்கொட்டைக் குழம்போ கீரையோ வைத்துச் சாப்பிட்டால் மெதுவாக ஏறும், அவ்வளவுதான் வித்தியாசம். ராகியின் உண்மையான பலம் சுண்ணாம்புச்சத்து. நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, அரிசியில் பத்து இருந்தால் அதிகம். மூட்டைத் தூக்கி, சரிவில் ஏறி இறங்கி வேலை செய்கிற பெண்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2023-இல் நீலகிரிக்கும் தருமபுரிக்கும்தான் இந்த ராகித் திட்டத்தை முதலில் கொண்டு வந்தார்கள். உங்கள் மாமியார் காலத்தில் ராகியும் சாமையும் வீட்டுச் சாப்பாடு, தேயிலையும் உருளைக்கிழங்கும் நிலத்தை எடுத்துக்கொண்ட பிறகுதான் அரிசி மூட்டை வீட்டுக்குள் வந்தது.

அரைப்பதற்கு டவுனுக்குப் போக வேண்டாம். மூன்று பங்கு முழு ராகி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம், ராத்திரி முழுக்க ஊறவைத்து இட்லி மாவு கிரைண்டரிலேயே அரைத்துவிடலாம். நம் குளிருக்கு மாவு புளிக்காது என்பதுதான் சிக்கல், பாத்திரத்தைத் துணி சுற்றி ஹாட்பாக்ஸில் வைத்தோ, விறகடுப்பு இருந்தால் அணைந்த அடுப்புப் பக்கம் வைத்தோ பாருங்கள். மாவாகவே வேண்டும் என்றால், வகுப்பில் சேர்ந்த வீடுகளின் ராகியை எல்லாம் ஒரே நாளில் ஒருவர் கையில் கொடுத்து அனுப்பி அரைத்து வாங்கிக்கொள்ளுங்கள். மாமியாரிடம் களி கிண்டும் பதத்தைக் கேட்டு ஒருநாள் வகுப்பையே அவரை எடுக்கச் சொல்லலாம். சும்மா சொல்லவில்லை, கட்டியில்லாமல் களி கிண்டத் தெரிந்தவர்கள் இன்றைக்கு ஹட்டியில் எத்தனை பேர்?

கேள்வி: கேத்திப் பக்கம் கேரட், பீட்ரூட், முள்ளங்கி போடுகிறோம். ஆனால் எங்கள் வீட்டுக்காரர் தட்டில் காயைத் தொட மாட்டார். விளைவிக்கிறவன் வீட்டிலேயே இந்தக் கதி.
- விவசாயி வீட்டுப் பெண், கேத்தி

உங்கள் வீடு மட்டும் இல்லை. மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி லாரியாகக் கேரட் ஏறுகிறது, ஏற்றிவிட்டவர் வீட்டுக்கு வந்து ரசமும் அப்பளமும் வைத்து ஒரு மலைச் சோறு சாப்பிடுகிறார். விற்கிற பொருளைச் சாப்பிடுவது வீண் செலவு என்ற எண்ணம் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிஷினில் கழுவும்போது உடைந்தது, கவட்டைக் கேரட், சின்னது என்று ஒதுக்குவீர்களே, அதுவே ஒரு குடும்பத்துக்குப் போதும். ஒருவருக்கு நாளைக்கு 400 கிராம் காய் வேண்டும், அதில் 100 கிராம் கீரையாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. அவர் தட்டில் இப்போது 50 கிராம் இருந்தால் அடுத்த மாதம் 100 ஆகட்டும், 400-ஐப் பற்றி அப்புறம் பேசலாம்.

தனியாகப் பொரியல் வைத்தால் ஒதுக்குவார், அதனால் ஒதுக்க முடியாதபடி வையுங்கள். துருவிய கேரட்டை முட்டைப் பொரியலில், கோஸைப் பருப்போடு கூட்டாக, பீட்ரூட்டைக் கறிக்குழம்பில். இன்னொன்று, பீட்ரூட் இலை, முள்ளங்கி இலை, நூல்கோல் இலை எல்லாம் நல்ல கீரை. நீங்கள் மாட்டுக்குப் போடுகிறீர்கள், மாடு திடமாக இருக்கிறது. வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய் தாளித்து முள்ளங்கிக் கீரையைப் பாசிப்பருப்போடு வதக்கிப் பாருங்கள், லேசாகக் காரமும் கசப்பும் கலந்து சூடான சோற்றுக்கு அப்படி இருக்கும். ஆனால் மருந்தடித்த பாத்தியிலிருந்து பறிக்க வேண்டாம். எந்தப் பாத்தியில் எப்போது அடித்தீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும், வீட்டுக்கென்று மருந்தில்லாமல் இரண்டு வரிசை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா பாட்டி சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள். மைதா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இல்லாமல் எங்களுக்கு விடியாது. வகுப்பில் இதை நிறுத்தச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகர், பந்தலூர்

நிறுத்தச் சொல்கிற வகுப்பாக இருந்தால் போகாதீர்கள். ரேஷன் கோதுமையை அரைத்துப் பாதி மைதா, பாதி கோதுமை மாவு என்று பிசையுங்கள், மாவிலேயே ஒரு பிடி முருங்கைக்கீரையும் வெங்காயமும் போகட்டும். மூன்று ரொட்டி இரண்டாகட்டும், மீதி இடத்தில் பருப்புக் கறியோ அவித்த முட்டையோ. சம்பல் இருக்கட்டும், அதில் உப்பை மட்டும் பாருங்கள். வீட்டில் இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்திருக்கும் சம்பலை விட்டுவிட்டு ஓட்ஸ் கஞ்சி குடிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

கேள்வி: எடை குறைய ஒரு பவுடர் விற்கிறார்கள், அதை வாங்குபவர்களுக்கு வகுப்பு இலவசமாம். போகலாமா?
- கல்லூரி ஊழியர், ஊட்டி

வேண்டாம். அது வகுப்பு இல்லை, கடை.

கேள்வி: இந்த ஊட்டச்சத்து, கலோரி எல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம். நம் முன்னோர் சாப்பிட்டதைச் சாப்பிட்டாலே போதாதா?
- ஓய்வு பெற்ற ஆசிரியர், குன்னூர்

ஐயா, நீங்கள் இருக்கிற ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம். இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சி பிறந்ததே குன்னூரில்தான். 1918-இல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு சின்ன இடத்தில் ராபர்ட் மெக்கரிசன் என்ற பிரிட்டிஷ் டாக்டர், சத்துக்குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார், அதுவே வளர்ந்து 1928-இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாகி, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மேலே நான் ஒப்பிக்கிற 27 கிராம், 400 கிராம் எல்லாம் அங்கிருந்து வருகிறவைதான்.

மெக்கரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கள் கொண்ட சீக்கியர் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. தீட்டிய அரிசியையே பெரும்பங்காகக் கொண்ட மதராஸ் சாப்பாட்டு எலிகள் இளைத்துக் கிடந்தன. நமக்குக் கொஞ்சம் ரோஷம் வரத்தான் செய்யும். ஆனால் நெல்லைத் தீட்டித் தவிட்டை நீக்கி, அதையும் நாலு தண்ணீரில் கழுவிக் கொட்டும்போது தயாமின் என்ற பி1 வைட்டமின் போய்விடுகிறது, பெரிபெரி வந்தது அதனால்தான். புழுங்கல் அரிசியில் நெல்லோடு வேகும்போதே அந்தச் சத்து உள்ளே இறங்கிவிடுவதால் அவ்வளவு இழப்பு இல்லை. ஆகவே முன்னோர் சாப்பாடு என்றால் எந்த முன்னோர், எந்த வருஷத்துச் சாப்பாடு என்று கேட்க வேண்டியிருக்கிறது. சாமையும் அவரையும் சாப்பிட்டு நாளெல்லாம் மலையேறியவரா, மில் அரிசி வந்த பிறகு இருந்தவரா? முதலாமவர் என்றால் நானும் உங்கள் கட்சி.

கேள்வி: சரி, வகுப்பு ஆரம்பிக்கலாம் என்று எங்கள் சுய உதவிக் குழுவில் முடிவு செய்துவிட்டோம். யாரை அழைப்பது, எங்கே, எப்போது வைப்பது? ஆண்களைச் சேர்க்கலாமா?
- குழுத் தலைவி, மஞ்சூர்

முதலில் காலம். கொழுந்து கொட்டும் மாதங்களில் தொடங்காதீர்கள், பறிப்பு முடித்து எடை போட்டு வருவதற்கே இருட்டிவிடும், இரண்டாவது வாரமே ஆள் இருக்காது. பனி விழுந்து இலை குறைகிற டிசம்பர், ஜனவரியில் தொடங்கினால் எட்டு வாரம் ஓட்டிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சந்தைக்குப் போய்வந்த பிறகு, ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. இடம் எதுவானாலும் அடுப்பு இருக்க வேண்டும். சமுதாயக்கூடம், அங்கன்வாடி, இல்லையென்றால் யார் வீட்டு வாசலாவது.

பாடம் எடுக்கப் பெரிய படிப்புப் படித்தவர் தேவையில்லை. அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்கு 1969 முதல் அரசு நடத்திவரும் ஊட்டச்சத்துக் கல்வித் திட்டத்தில், அந்தந்தப் பகுதியைச் சேர்ந்தவர்களையே பயிற்றுவித்து அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிக்கொடுக்க வைக்கிறார்கள். நம் மாநிலத்திலும் 1980-இல் வந்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் கிராமத்துப் பெண்களை வைத்துத்தான் நடந்தது, குழந்தைகளுக்காக. உங்கள் குழுவில் நன்றாகச் சமைக்கிற, அதைவிட முக்கியமாக அடுத்தவர் பேசும்போது கேட்கத் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். கிராம சுகாதார செவிலியரையும், மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரையும் முதல் வகுப்புக்கும் கடைசி வகுப்புக்கும் அழைத்து எல்லோருக்கும் பிரஷர், சர்க்கரை, எடை பார்த்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். குன்னூரில் தோட்ட முதலாளிகள் சங்கமான உபாசி நடத்தும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

சமைக்க எடுப்பது எல்லாம் ரேஷன் பையிலும் உங்கள் கொல்லையிலும் இருக்கிற பொருளாக இருக்கட்டும். ப்ராக்கோலி சாலட் செய்து காட்டினால் கைதட்டிவிட்டுப் போவார்கள், வீட்டில் யாரும் செய்ய மாட்டார்கள். பருப்பும் கொட்டைகளும் சமைக்கிற வகுப்புக்குக் குக்கர் கட்டாயம். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகக் காத்திருந்தால் கேஸும் தீரும், பொறுமையும் தீரும். மலைக்காரர்கள் பருப்பைக் குறைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். மொச்சை, பீன்ஸ் கொட்டை, பட்டாணி எதுவானாலும் ராத்திரியே ஊறவையுங்கள், ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், பீன்ஸ் கொட்டையை அரைவேக்காட்டில் இறக்கவே கூடாது, வயிற்றைப் புரட்டிவிடும்.

வர்க்கியைப் பற்றி எல்லா வகுப்பிலும் சண்டை வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மைதா, வனஸ்பதி, சர்க்கரை சேர்ந்த பண்டம், தினமும் நாலு மணிக்கு மூன்று என்றால் அதிகம்தான். வாரத்தில் இரண்டு நாள் வர்க்கி, மற்ற நாள் சுண்டலோ வேர்க்கடலையோ என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். தடை போட்டால் ஒளித்து வைத்துத் தின்பார்கள்.

ஆண்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். மளிகைக் கடையில் காசு கொடுப்பவரும், சாயங்காலம் பஜ்ஜிப் பொட்டலத்தோடு வருபவரும் பல வீடுகளில் அவர்தான், உப்பு பத்தவில்லை என்று தட்டை நகர்த்துகிறவரும் அவரே. சமையல் வகுப்பு என்று அழைத்தால் வர மாட்டார், சர்க்கரை, பிரஷர் பார்க்கிறார்கள் என்று அழைத்தால் வருவார். வந்தவர் கையில் காய் நறுக்கும் வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

எட்டு வாரம் முடிந்த பிறகும் மாதம் ஒருமுறை, ரேஷன் சாமான் வாங்கும் வாரத்தில் கூடுங்கள். எழுதிவைத்த பிரஷர், எடைக் கணக்கை எடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.